பழைய தரவுத்தளத்தில் புதுக் குடித்தனம்

இணையச் செயலி ஒன்றைக் கட்டுவதற்கு எப்போதும் தேவைப்படும் உறுப்புகளை, அதாவது வரும் முகவரியைப் பிரித்தறிவது, படிவத்தைச் சரிபார்ப்பது, பயனரை அடையாளங்காண்பது, தரவுத்தளத்தோடு பேசுவது முதலியவற்றை, முன்னரே செய்து ஒரே தொகுப்பாகத் தரும் மென்பொருளை வெப் ஃப்ரேம்வொர்க் என்றும் வலைச் சட்டகம் என்றும் வழங்குவர். பைத்தான் மொழியில் ஜாங்கோ, ரூபி மொழியில் ரெயில்ஸ், பிஎச்பி மொழியில் லாராவெல் ஆகியவை இவ்வகையில் பரவலாகப் புழங்குபவை. இவற்றுள் எதையும் வெறுமையான புதிய தரவுத்தளத்தோடு இணைப்பது அரை நாள் வேலை. பதினைந்து இருபது ஆண்டுகளாக வேறு நிரல்கள் எழுதியும் படித்தும் வரும் ஒரு தரவுத்தளத்தோடு இணைப்பது மாதக்கணக்கில் இழுக்கக்கூடிய வேலை. வழங்கியின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல் என்று நான்கைந்து வரிகளைக் கோப்பில் எழுதியதும் இணைப்பு இரண்டிலும் ஒரே நொடியில் கிடைத்துவிடுகிறது என்பதால், கடினம் இணைப்பில் இல்லை என்பது தெளிவு. சட்டகம் தன்னைத் தரவுத்தளத்தின் உரிமையாளர் என்று எண்ணிக்கொண்டு பிறந்தது. பழைய தரவுத்தளத்திலோ அது கடைசியாக வந்து சேர்ந்த குடித்தனக்காரர். இந்தப் பிரச்சினையைப் பற்றிய தொழில்நுட்பக் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த ஒரு முரணிலிருந்தே கிளைக்கின்றன.

மரபுவழித் தரவுத்தளம் என்ற பெயர் வயதைக் குறிப்பதன்று. வேறொருவர் வடிவமைத்ததும், வேறு நிரல்கள் இன்றும் நம்பியிருப்பதும், அதனாலேயே புதிதாக வருபவர் தம் விருப்பப்படி மாற்ற முடியாததுமான எந்தத் தரவுத்தளமும் அந்தப் பெயருக்கு உரியது. மூன்று ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டதும் இதில் அடங்கும்.

இந்த முரணின் வேர் சற்றுப் பழையது. ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் பணியாற்றிய எட்கர் காட், 1970 ஜூனில் வெளியிட்ட கட்டுரையில்தான் உறவுமுறைத் தரவு மாதிரி, அதாவது தகவலை அட்டவணைகளாகவும் அவற்றுக்கிடையேயான தொடர்புகளாகவும் வைக்கும் முறை, முதன்முதலில் விரிவாக முன்வைக்கப்பட்டது. அக்கட்டுரையின் தலைப்பே பலர் பகிர்ந்துகொள்ளும் பெரிய தரவு வங்கிகளைப் பற்றியது என்பது கவனிக்கத்தக்கது. தரவு ஓரிடத்தில் நிலையாக இருக்கும், நிரல்கள் வரும் போகும், ஒரு நிரல் மாறியதற்காகத் தரவோ தரவின் சேமிப்பு முறை மாறியதற்காக நிரல்களோ குலையக் கூடாது என்பதே காட்டின் நோக்கம். சட்டகங்கள் வந்த பின்னணி இதற்கு நேர்மாறானது. டேவிட் ஹைன்மையர் ஹான்சன் பேஸ்கேம்ப் என்ற செயலிக்காகத் தாம் எழுதிய நிரலிலிருந்து பிரித்தெடுத்து 2004 ஜூலையில் ரெயில்ஸை வெளியிட்டார். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரின் நாளிதழான லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்டில் ஏட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் 2003இல் எழுதத் தொடங்கிய ஜாங்கோ 2005 ஜூலையில் பொதுவெளிக்கு வந்தது. இரண்டுமே அவசரத்தில் புதிய தளங்களைக் கட்டுவோரின் கருவிகள். இரண்டிலும் ஒரு தரவுத்தளத்துக்கு ஒரே செயலிதான் என்பது சொல்லப்படாத அனுமானம். காட் பொதுக் கிணறாகக் கண்டதைச் சட்டகம் வீட்டுக் குழாயாகக் கண்டது என்று சொன்னால் மிகையாகாது.

நிரலில் உள்ள பொருள்களையும் அட்டவணையில் உள்ள வரிசைகளையும் ஒன்றோடொன்று பொருத்தும் பகுதிக்கு ஓஆர்எம் என்று பெயர். மார்ட்டின் ஃபவுலர் 2002இல் வெளியிட்ட நூலில் இதற்கு இரண்டு பாணிகளைப் பெயரிட்டு விளக்கினார். ஆக்டிவ் ரெக்கார்டு என்ற பாணியில் ஒரு வகுப்பு ஓர் அட்டவணையின் நிழலாகவே இருந்து, தன்னைத் தானே சேமித்துக்கொள்ளும். ரெயில்ஸும் லாராவெலும் இதைப் பின்பற்றுகின்றன, ஜாங்கோவும் ஏறத்தாழ இதையே பின்பற்றுகிறது. டேட்டா மேப்பர் என்ற பாணியில் வகுப்புக்கு அட்டவணையைப் பற்றி எதுவும் தெரியாது. இரண்டுக்கும் நடுவே தனியொரு பகுதி நின்று மொழிபெயர்க்கும். ஜாவா உலகில் கேவின் கிங் 2001இல் தொடங்கிய ஹைபர்னேட்டும், பைத்தானில் 2006இல் வந்த எஸ்கியூஎல்ஆல்கெமியும் இப்பக்கத்தைச் சேர்ந்தவை. வகுப்பின் வடிவம் அட்டவணையின் வடிவத்திலிருந்து விலகியிருக்க இடம் தருவதால், பழைய தரவுத்தளத்துக்கு இரண்டாம் பாணியே பொருத்தமானது என்று கொள்ளலாம். எனினும் நடைமுறையில் தேர்வை முடிவு செய்வது பெரும்பாலும் வேறொன்று: ஜாங்கோ தன்னோடு கொண்டுவரும் நிர்வாகப் பக்கம், பழைய அட்டவணைகளுக்கு ஒரே நாளில் தேடவும் திருத்தவும் கூடிய திரையைத் தந்துவிடுகிறது என்ற ஈர்ப்பு. அந்த ஈர்ப்பில் பிழையில்லை. ஆனால் அந்தத் திரையில் உள்ள சேமி என்ற பொத்தானை யார், எந்த அட்டவணையில் அழுத்தலாம் என்பதை முன்னரே முடிவு செய்யாதவர்கள் பின்னால் வருந்த நேரிடும்.

முதல் படி வாசிப்பது. ஏற்கெனவே உள்ள அட்டவணைகளைப் பார்த்து அவற்றுக்குரிய வகுப்புகளைத் தானே எழுதித் தரும் கருவி பெரும்பாலான சட்டகங்களில் உண்டு. ஜாங்கோவில் அதற்கு இன்ஸ்பெக்ட்டிபி என்று பெயர். தரவுத்தளத்தின் உள் அட்டவணைகளில் பதிவாகியிருக்கும் பெயர்களையும் வகைகளையும் படித்து அது ஒரு வரைவைத் தருகிறது. வகை புரியாத நெடுவரிசைக்கு உரைப்புலம் என்று எழுதி, இது ஊகம் என்ற குறிப்பையும் பக்கத்தில் சேர்த்துவிடும் நேர்மை அதற்கு உண்டு. உருவாக்கும் ஒவ்வொரு வகுப்பிலும் மேனேஜ்டு என்ற அமைப்பை இல்லை என்று குறித்துவைக்கவும் செய்கிறது; இந்த அட்டவணையை உருவாக்குவதும் மாற்றுவதும் அழிப்பதும் சட்டகத்தின் வேலையல்ல என்பது அதன் பொருள். உரிமை பற்றிய கேள்விக்கு ஜாங்கோ தரும் முதல் விடை இந்த ஒரு சொல்.

கருவியால் வாசிக்க முடியாதவை வாசிக்க முடிந்தவற்றைவிட அதிகம். மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் 5.5ஆம் பதிப்பு வருமட்டும் மைஐசாம் என்ற சேமிப்பு முறையையே இயல்பாகக் கொண்டிருந்தது; அம்முறை அயற்சாவிகளை, அதாவது ஓர் அட்டவணையின் மதிப்பு இன்னோர் அட்டவணையில் கட்டாயம் இருக்க வேண்டும் என்ற பிணைப்புகளை, செயற்படுத்துவதில்லை. எனவே அக்காலத்துத் தரவுத்தளங்களில் தொடர்புகள் நிரலரின் மனத்திலும் நிரலின் வரிகளிலும் மட்டுமே இருந்தன. இன்ஸ்பெக்ட்டிபி அவற்றை வெறும் எண்களாகவே காணும். அவற்றை அயற்சாவி என்று கையால் எழுதிச் சேர்க்கும்போது, தாய் வரிசை இல்லாத அனாதைப் பதிவுகள் எத்தனை உள்ளன என்று முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பெயர்களும் தம் வரலாற்றைச் சுமந்து வருகின்றன. டிபேஸ், ஃபாக்ஸ்புரோ ஆகியவற்றின் கோப்புகளில் ஒரு நெடுவரிசைக்குப் பத்து எழுத்துக்கு மேல் பெயர் வைக்க முடியாது, ஆரக்கிளில் 12.2ஆம் பதிப்புக்கு முன் 30 பைட் எல்லை. அந்த நெருக்கடியில் உயிரெழுத்துகளை உதிர்த்துச் சுருக்கப்பட்ட பெயர்கள், கோப்பு முறை மாறி, இயங்குதளம் மாறி, வழங்கி மாறிய பின்னும் அப்படியே வந்து நிற்கின்றன. புதிய வகுப்பில் தெளிவான பெயரை வைத்து, பழைய பெயரை அதன் அருகில் குறித்துவிடும் வசதியைச் சட்டகங்கள் தருகின்றன; அதைப் பயன்படுத்துவது அழகுக்காக அன்று, அடுத்து வருபவர் மறுபடி தோண்டாமல் இருப்பதற்காக. ரெயில்ஸில் டைப் என்ற பெயருடைய நெடுவரிசை தனிச் சிக்கல்: அதை வகுப்பின் பெயரைச் சொல்லும் நெடுவரிசை என்று எடுத்துக்கொண்டு, பழைய தரவில் இருக்கும் ஏதோ ஒரு குறியீட்டின் பெயரில் வகுப்பைத் தேடி, இல்லை என்று நின்றுவிடும். அந்த வழக்கத்தை வெளிப்படையாக அணைத்தால்தான் மேலே நகர முடியும்.

ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளங்காட்டும் மதிப்புக்கு முதன்மைச் சாவி என்று பெயர். சட்டகங்கள் ஐடி என்ற பெயரில் தானாக ஏறும் ஓர் எண்ணை எதிர்பார்க்கின்றன. காட்டின் வழிவந்த வடிவமைப்பாளர்களோ, பொருளுக்கு இயல்பாக உள்ள அடையாளத்தையே சாவியாக வைத்தனர், அது பல நெடுவரிசைகள் சேர்ந்த கூட்டுச் சாவியாகவும் இருக்கலாம். தமிழக நிலப் பதிவேட்டை எடுத்துக்கொண்டால், மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் ஆகிய ஐந்தும் சேர்ந்தால்தான் ஒரு துண்டு நிலம் அடையாளம் பெறும். இப்படியொரு தரவைக் கணினியில் ஏற்றுபவர் ஐந்தையும் சேர்த்துச் சாவியாக்குவது இயல்பு. ஜாங்கோவுக்குக் கூட்டுச் சாவி வேண்டும் என்ற கோரிக்கை, அதன் கோரிக்கைப் பட்டியலில் 373ஆம் எண்ணாக, அது வெளிவந்த 2005ஆம் ஆண்டிலேயே பதிவாயிற்று. அது நிறைவேறியது 2025 ஏப்ரலில் வந்த 5.2ஆம் பதிப்பில். ரெயில்ஸ் 2023இல் 7.1ஆம் பதிப்பில்தான் இதைத் தன்னுள் ஏற்றது. லாராவெலின் ஓஆர்எம் ஆன எலோக்வென்ட் இன்னும் ஏற்கவில்லை. பெருநிறுவனங்களின் பழைய தரவுத்தளங்களைக் கண்முன் வைத்து வளர்ந்த ஹைபர்னேட்டில் இது நெடுங்காலமாகவே உண்டு. இருபது ஆண்டுத் தாமதம் சோம்பலால் வந்ததன்று. சாவி ஒரே மதிப்பு என்ற எண்ணம் முகவரி அமைப்பிலும், நிர்வாகப் பக்கத்திலும், தொடர்புகளிலும், நினைவகத் தேக்கத்திலும் ஊடுருவியிருந்ததால் ஒன்றைத் தொட்டால் எல்லாம் அசைந்தன.

இடைப்பட்ட காலத்தில் பலரும் கையாண்ட குறுக்கு வழி, கூட்டுச் சாவியின் நெடுவரிசைகளுள் ஒன்றை மட்டும் முதன்மைச் சாவி என்று வகுப்பில் அறிவித்துவிடுவது. படிப்பதற்கு மட்டும் என்றால் இது பெரும்பாலும் தாங்கும். எழுதத் தொடங்கினால் ஆபத்து: ஜாங்கோ ஒரு பொருளைச் சேமிக்கும்போது, சாவியின் மதிப்பு இன்னதாக உள்ள வரிசையை மாற்று என்ற கட்டளையையே அனுப்புகிறது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் புல எண்ணை மட்டும் சாவி என்று அறிவித்திருந்தால், ஒரு கிராமத்தின் 112ஆம் புலத்தில் உரிமையாளர் பெயரைத் திருத்தி அந்த நெடுவரிசையை மட்டும் சேமிக்கச் சொன்னதும், எல்லாக் கிராமங்களின் 112ஆம் புலங்களும் அவர் பெயருக்கு மாறிவிடும்; பிழைச் செய்தி எதுவும் வராது. இதனினும் பாதுகாப்பானது, அட்டவணையில் தானாக ஏறும் எண்ணாக ஒரு புதிய நெடுவரிசையைச் சேர்த்து, பழைய கூட்டுச் சாவியைத் தனித்தன்மை விதியாக வைத்துக்கொள்வது. ஆனால் அதற்கு அட்டவணையை மாற்றும் உரிமை வேண்டும். உரிமை இருந்தாலும், நெடுவரிசைப் பெயர்களைச் சொல்லாமல் மதிப்புகளை மட்டும் வரிசையாகச் செருகும் பழைய நிரல் ஒன்று எங்காவது இருந்தால், ஒரு நெடுவரிசை கூடியதும் அது நின்றுவிடும். அத்தகைய நிரல் மாதம் ஒருமுறை மட்டும் ஓடுவதாக இருந்துவிட்டால், காரணமும் விளைவும் வெவ்வேறு மாதங்களில் கிடக்கும்.

மதிப்புகளைப் பற்றிய வேறுபாடுகள் இதைவிட நுட்பமானவை. ஆரக்கிள் வெற்று உரையையும் மதிப்பின்மையையும் ஒன்றாகவே கருதுகிறது. ஜாங்கோவோ உரைப்புலங்களில் வெற்று உரையையே விரும்புகிறது, எனவே ஆரக்கிளிலிருந்து படிக்கும்போது மதிப்பின்மையை ஓசையின்றி வெற்று உரையாக மாற்றிக்கொள்கிறது. அதே ஆரக்கிளில் நிலையான அகலம் கொண்ட சார் வகை நெடுவரிசை, குறைந்த நீளமுள்ள மதிப்பின் பின்னால் இடைவெளிகளை நிரப்பி வைக்கும். கட்டளைக்குள் மதிப்பை நேரடியாக எழுதித் தேடினால் இந்த இடைவெளிகள் பொருட்படுத்தப்படுவதில்லை. மதிப்பைத் தனியே பிணைத்து அனுப்பினால், அது மாறும் அகல உரையாகச் செல்வதால், இடைவெளியும் ஓர் எழுத்தாக எண்ணப்படும். பாதுகாப்புக் கருதிச் சட்டகங்கள் எப்போதும் பிணைத்தே அனுப்புகின்றன. ஆகவே நிர்வாகி தன் கருவியில் தேடும்போது கிடைக்கும் பதிவு, இணையப் பக்கத்தில் கிடைக்காது. மைஎஸ்கியூஎல் 5.7ஆம் பதிப்பில் கண்டிப்பு முறை இயல்பாகும் முன் எழுதப்பட்ட தரவுகளில், எல்லா இலக்கமும் சுழியமான தேதிகள் கிடக்கின்றன. பைத்தானில் அப்படியொரு நாளே இல்லை. நேரத்தைப் பொறுத்தவரை, ஜாங்கோ உலகப் பொது நேரத்தில் எழுதும் வழக்கமுடையது, பழைய நிரல்கள் உள்ளூர் நேரத்தையே எழுதிவந்திருக்கும். இந்திய நேரத்தில் மாலை 7 மணிக்குப் பதிவானது, பொது நேரம் என்று தவறாகப் படிக்கப்பட்டால், நள்ளிரவு கடந்து மறுநாள் 12.30 மணியாகத் திரையில் தோன்றும். நாள்வாரிக் கணக்கு எடுக்கும் அலுவலகத்தில் இது சிறு பிழையன்று. குறிப்பிட்ட தரவுத்தளம் எந்த நேர மண்டலத்தில் எழுதப்பட்டது என்று தனியே அறிவிக்க ஜாங்கோ இடமளிக்கிறது.

தமிழில் தரவு வைத்திருக்கும் தரவுத்தளங்களுக்கு இவற்றோடு எழுத்துக் குறியாக்கம் என்ற இன்னொரு அடுக்கு உண்டு. ஒவ்வொரு எழுத்துக்கும் எந்த எண் என்பதை முடிவு செய்யும் அட்டவணையே குறியாக்கம். யூனிகோடு நிலைபெறுமுன் டிஸ்கி, டேப், டேம் ஆகிய குறியாக்கங்களும், இலங்கையிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் பாமினி போன்ற எழுத்துருக்களும் புழங்கின. தமிழ்நாட்டு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010இல். பாமினியில் தட்டச்சான பெயர், தரவுத்தளத்தின் பார்வையில் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக் குறிகளும் கலந்த குப்பை. அதைத் தமிழாக்கியது திரையின் எழுத்துரு மட்டுமே, அந்த எழுத்துருவின் பெயர் தரவுத்தளத்தில் எங்கும் எழுதப்படவில்லை. டிஸ்கியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும்: கொ என்பதில் கொம்பு முதலிலும், ககரம் அடுத்தும், கால் கடைசியிலும் வரும். யூனிகோடில் ககரம் முதலிலும் ஒகரக் குறி அடுத்தும் வரும். ஆகவே மாற்றி எழுதும் கருவி எண்ணுக்கு எண் பெயர்த்தால் போதாது, வரிசையையும் மாற்ற வேண்டும். ககரத்தில் தொடங்கும் பெயர்களைத் தேடும் எளிய வினாவும் மாற்றத்துக்கு முன்பும் பின்பும் வெவ்வேறு விடை தரும்.

யூனிகோடு வந்த பின்னும் குழப்பம் தீர்ந்தபாடில்லை. மைஎஸ்கியூஎல் 2018இல் 8.0ஆம் பதிப்பு வரும் வரை இலத்தீன்1 என்ற ஐரோப்பியக் குறியாக்கத்தையே இயல்பாகக் கொண்டிருந்தது. பழைய பிஎச்பி நிரல் யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் தமிழை அனுப்பும்; இணைப்பு இலத்தீன்1 என்று அறிவித்திருக்கும்; நெடுவரிசையும் இலத்தீன்1. மூவரும் ஒரே பொய்யைச் சொல்வதால் யாரும் எதையும் மாற்றுவதில்லை, பைட்டுகள் போனபடியே திரும்பி வந்து, திரையில் தமிழ் சரியாகத் தெரியும். புதிய சட்டகம் யூடிஎஃப்-8 என்று உண்மையைச் சொல்லி இணைந்த கணமே, வழங்கி அந்த இலத்தீன்1 எழுத்துகளை அக்கறையோடு மொழிபெயர்த்துத் தருகிறது. ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று ஐரோப்பியச் சின்னங்கள் வந்து நிற்கின்றன. நெடுவரிசையை நேரடியாக யூடிஎஃப்-8க்கு மாற்றக் கட்டளையிடுவது இந்தக் குலைவை நிலையாக்கிவிடும். முதலில் வெறும் பைட்டுகளைத் தாங்கும் இரும வகைக்கும், அதன் பின்னரே சரியான குறியாக்கம் கொண்ட உரை வகைக்கும் மாற்றுவதே முறை. அப்போதும் முன்னரே இழந்தது திரும்பாது: இலத்தீன்1இல் 30 எழுத்து அகலமுள்ள நெடுவரிசை உண்மையில் 30 பைட்டையே தாங்கும், யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். தமிழ்நாடு என்ற சொல் 27 பைட்டில் அடங்கிவிடும்; 36 பைட் வேண்டும் திருநெல்வேலி, கண்டிப்பு முறை இல்லாத வழங்கியில் திருநெல்வே என்று வெட்டுண்டு கிடக்கும். அகர வரிசையும் சட்டகத்தை நம்பி விட முடியாத ஒன்று. யூனிகோடின் எண் வரிசையில் னகரம் நகரத்தை அடுத்தும் றகரம் ரகரத்தை அடுத்தும் வருகின்றன. தமிழ் நெடுங்கணக்கிலோ அவை இறுதியில் நிற்பவை. வரிசைப்படுத்தலை எண் வரிசைக்கு விடாமல், தமிழ் வரிசை அறிந்த ஒழுங்குமுறை ஒன்றைத் தரவுத்தளத்தில் அமைத்தாக வேண்டும்.

படிப்பதோடு நிற்காமல் எழுதவும் தொடங்கும்போது உரிமைப் பூசல் வெளிப்படையாகிறது. பழைய தரவுத்தளங்களில் நிறுவனத்தின் விதிகள் பெரும்பாலும் தரவுத்தளத்துக்குள்ளேயே, ஸ்டோர்டு புரொசீஜர் என்னும் சேமித்த நிரல்களாகவும், ஒரு வரிசை மாறியதும் தானே இயங்கும் டிரிகர்களாகவும் எழுதப்பட்டிருக்கும். சட்டகமோ விதிகள் எல்லாம் தன் வகுப்புகளுக்குள் இருப்பதாக எண்ணும். தான் எழுதிய மதிப்பே அட்டவணையில் இருக்கிறது என்று அது நம்பிக்கொண்டிருக்க, டிரிகர் அதை மாற்றியிருக்கும்; மீண்டும் படித்தால்தான் உண்மை தெரியும். மைக்ரோசாஃப்டின் ஓஆர்எம் ஆன என்டிட்டி ஃப்ரேம்வொர்க் கோர், 2022 நவம்பரில் வந்த 7ஆம் பதிப்பில், வேகத்துக்காக, எழுதிய மதிப்புகளை அதே கட்டளையில் திரும்பப் பெறும் முறைக்கு மாறியது. டிரிகர் உள்ள அட்டவணைகளில் எஸ்கியூஎல் சர்வர் அந்த முறையை அனுமதிப்பதில்லை. எனவே அதுவரை ஓடிக்கொண்டிருந்த செயலிகள், இந்த அட்டவணையில் டிரிகர் உண்டு என்று ஒவ்வொன்றாக அறிவிக்கப்படும் வரை எழுத மறுத்தன. தரவுத்தளத்தில் வேறு யாரும் குறுக்கிட மாட்டார்கள் என்ற அனுமானம் எவ்வளவு ஆழத்தில் உறைந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

எண்களை வழங்கும் சீக்வென்ஸ் என்ற அமைப்பிலும் இதே கதை. ஜாவா ஓஆர்எம்களுக்கான ஜேபிஏ என்ற பொது வரையறையில் சீக்வென்ஸிலிருந்து ஒருமுறைக்கு 50 எண்களைப் பெற்றுக்கொள்வதாக வைத்திருப்பதே இயல்பு. ஒவ்வொரு பதிவுக்கும் வழங்கியிடம் போய் நிற்காமல் இருக்க இது உதவும். பழைய ஆரக்கிள் சீக்வென்ஸ் ஒன்று ஒன்றாகவே ஏறுவது. வழங்கி 1001 என்று சொன்னதைக் கேட்டு, அதை ஐம்பதின் மேல் எல்லை என்று கொண்டு ஹைபர்னேட் 952இலிருந்து எண்களைப் பங்கிடத் தொடங்கினால், அவற்றில் பல பழைய நிரல் ஏற்கெனவே பயன்படுத்தியவை. இரண்டு பக்கத்து எண்ணிக்கையையும் ஒன்றாக்குவது ஒரு வரி வேலைதான். அந்த வரி தேவை என்று தெரிவதுதான் அரிது.

ஒரே பதிவை இருவர் ஒரே நேரத்தில் திருத்தும்போது ஒருவர் திருத்தம் மற்றவரால் அழிக்கப்படுவதைத் தடுக்க, ரெயில்ஸ் முதலியவை ஒரு பதிப்பு எண்ணை நெடுவரிசையாக வைத்து, ஒவ்வொரு சேமிப்பிலும் அதை ஏற்றிக்கொண்டு போகின்றன. எல்லோரும் அந்த எண்ணை ஏற்றினால்தான் இந்தக் காவல் பலிக்கும். அதைப் பற்றி அறியாத பழைய நிரல் எண்ணைத் தொடாமல் மதிப்பை மட்டும் மாற்றிவிட்டுப் போனால், மாறாத எண்ணைக் கண்டு சட்டகம் ஏமாறும். எனவே இங்கே பயன்படுவது தரவுத்தளமே ஏற்றும் அடையாளம்: எஸ்கியூஎல் சர்வரில் ரோவெர்ஷன் வகை, போஸ்ட்கிரஸில் ஒவ்வொரு வரிசையோடும் மறைவாக வரும் எக்ஸ்மின். அவை கைகூடாத இடத்தில், படித்தபோது இருந்த எல்லா மதிப்புகளும் இப்போதும் அப்படியே உள்ளனவா என்று ஒப்பிட்ட பின்னரே எழுதும் வழியை ஹைபர்னேட் தருகிறது.

சட்டகத்துக்குச் சொந்தமாகவும் சில அட்டவணைகள் வேண்டும்: பயனர்கள், அமர்வுகள், மாற்ற வரலாறு. அவற்றைப் பழைய தரவுத்தளத்துக்குள்ளேயே உருவாக்குவதைவிடத் தனித் தரவுத்தளத்தில் வைப்பது தூய்மையானது. 2010இல் வந்த ஜாங்கோ 1.2 முதல் எந்த வகுப்பு எந்தத் தரவுத்தளத்துக்குப் போக வேண்டும் என்று வழிகாட்டும் ரௌட்டர் என்ற அமைப்பு உண்டு. அதற்குரிய விலை, இரு தரவுத்தளங்களுக்கிடையே அயற்சாவியும் இணைத்துத் தேடும் வினாவும் கிடையாது என்பது. போஸ்ட்கிரஸில் ஒரே தரவுத்தளத்துக்குள் தனி ஸ்கீமாவாகப் பிரித்தால் இந்த விலையைக் கொடுக்காமல் தப்பலாம். சோதனையிலும் ஒரு கண்ணி உண்டு. மேனேஜ்டு இல்லை என்று குறித்த அட்டவணைகளைச் சோதனைத் தரவுத்தளத்திலும் ஜாங்கோ உருவாக்காது என்பதால், அவற்றைத் தொடும் எல்லாச் சோதனைகளும் அட்டவணை இல்லை என்று விழும். உண்மையான தரவுத்தளத்தின் அமைப்பை மட்டும் எடுத்து அங்கே ஏற்றுவதே, வகுப்புகளிலிருந்து கற்பனையாக அட்டவணைகளைக் கட்டுவதைவிட நம்பத்தக்கது.

இவ்வளவு உரசலையும் சட்டகத்துக்குள்ளேயே தீர்க்க முயல்வது அவசியமா என்பது அடுத்த கேள்வி. இதற்கு மிகப் பழையதும் மிகக் குறைவாக மதிக்கப்படுவதுமான விடை வியூ, அதாவது ஒரு வினாவின் விடையையே அட்டவணை போலத் தோற்றமளிக்கச் செய்யும் வசதி. பெயர்களைத் தெளிவாக்குவது, ஆம் இல்லை என்ற ஒற்றையெழுத்துக் குறிகளை உண்மை மதிப்புகளாக்குவது, பின்னொட்டு இடைவெளிகளை நீக்குவது, இரண்டு அட்டவணைகளை ஒன்றாகக் காட்டுவது ஆகிய அனைத்தையும் தரவுத்தளத்திலேயே ஒருமுறை எழுதிவிட்டால், சட்டகத்தின் கண்ணுக்கு அது விரும்பிய வடிவில் ஓர் அட்டவணை கிடைத்துவிடுகிறது. இன்ஸ்பெக்ட்டிபியும் கேட்டால் வியூக்களைப் படித்துத் தரும். எழுதுவதற்கு, வியூவின் மேல் வந்த மாற்றத்தைப் பிடித்து அடியில் உள்ள அட்டவணைகளுக்குப் பிரித்தளிக்கும் டிரிகர்களை வைக்கலாம். ஒரே தரவை வெவ்வேறு நிரல்களுக்கு வெவ்வேறு முகமாகக் காட்டுவது உறவுமுறை மாதிரியின் ஆதி நோக்கத்தோடு ஒத்துப்போவது. அதை மறந்துவிட்டு அதே வேலையை நூற்றுக்கணக்கான வகுப்பு வரிகளில் செய்துகொண்டிருப்பது விந்தையே. பழைய நிரலும் புதிய நிரலும் பேசும் மொழிக்கு நடுவே மொழிபெயர்க்கும் காப்பு அடுக்கு வேண்டும் என்று எரிக் எவான்ஸ் 2003இல் தம் நூலில் வலியுறுத்தினார். வியூ அவ்வடுக்கின் மலிவான வடிவம். பழைய செயலிக்கு முன்னால் ஓர் ஏபிஐயை நிறுத்தி, தரவுத்தளத்தை யாரும் நேரடியாகத் தொடாதபடி செய்வது விலையுயர்ந்த வடிவம். மாற்றங்களைத் தரவுத்தளத்தின் பதிவேட்டிலிருந்து உடனுக்குடன் படித்து வேறிடத்தில் நகலெடுக்கும் டெபீசியம் போன்ற கருவிகள் மூன்றாவது வழி. படிப்பதற்கு மட்டும் என்றால் மிக நன்று, நகலிலும் எழுதத் தொடங்கினால் எது மூலம் என்ற வழக்கு எழும்.

பழையதை ஒரே நாளில் மாற்றாமல், அதைச் சுற்றி வளர்ந்து மெல்ல மெல்ல இடத்தைப் பிடிக்கும் முறையை ஃபவுலர் 2004இல் மரத்தைச் சுற்றி வளரும் அத்தி இனத்தோடு ஒப்பிட்டார். தரவுத்தளத்தில் இம்முறையைக் கையாளும் விதத்தை ஸ்காட் ஆம்ப்ளரும் பிரமோத் சதலாகேயும் 2006இல் தனி நூலாக எழுதினர்: புதிய நெடுவரிசையைப் பழையதன் அருகில் சேர்த்து, இரண்டும் ஒத்திருக்கும்படி டிரிகர் வைத்து, எல்லா நிரல்களும் புதியதற்கு மாறும்வரை ஓர் இடைக்காலம் அனுமதித்து, அதன் பின்னரே பழையதை நீக்குவது. அந்த இடைக்காலத்தின் நீளத்தை முடிவு செய்வது தொழில்நுட்பமன்று, கடைசிப் பழைய நிரல் எந்த அலுவலகத்தின் எந்த மேசையில் ஓடுகிறது என்பதே.

ஓர் அட்டவணையைப் பயன்படுத்துவது சட்டகம் மட்டுமே என்று உறுதியான பிறகு, மேனேஜ்டு என்ற அமைப்பை ஆம் என்று மாற்றி உரிமையைக் கைமாற்றலாம். இதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. ஜாங்கோ தன் மாற்ற வரலாற்றை மைக்ரேஷன் கோப்புகளாக அடுக்கி வைக்கிறது. அமைப்பை மாற்றியதும் உருவாகும் புதிய மைக்ரேஷன், வகுப்பின் குறிப்பை மட்டும் மாற்றுமே தவிர அட்டவணையை உருவாக்காது. இயங்கும் தரவுத்தளத்தில் அட்டவணை ஏற்கெனவே இருப்பதால் பிழை தெரியாது. வெறுமையான சோதனைத் தரவுத்தளத்தில் அதே வரலாற்றை ஓட்டினால், முதல் கோப்பு என்னுடையதல்ல என்று உருவாக்காமல் விட, கடைசிக் கோப்பு என்னுடையது என்று மட்டும் சொல்ல, அட்டவணை எங்கும் பிறக்காது. இதற்குத் தீர்வு முதல் கோப்பையே திறந்து அந்தக் குறிப்பை நீக்குவது. இயங்கும் தரவுத்தளத்தில் அக்கோப்பு நிறைவேறியதாக முன்னரே பதிவாகியிருப்பதால் அங்கே எதுவும் அசையாது. இருபது ஆண்டுகளுக்கு முன் வேறொரு நிரல் கட்டிய அட்டவணையைத் தானே முதல் நாளில் கட்டியதாக ஜாங்கோவின் கோப்பு அன்று முதல் சொல்லத் தொடங்குகிறது.